பாட நேரம் எங்கே போகிறது?

ஒரு பீரியட் 45 நிமிடம். மாணவர்கள் உட்கார்ந்து வருகைப் பதிவு முடிவதற்குள் 5 போய்விடும். டேப்லெட்டை எடுத்துக் கொடுத்து, லாகின் செய்யவைத்து, எல்லார் திரையிலும் ஒரே பக்கம் வந்து சேர 15 நிமிடம் ஆனால், பாடத்துக்கு மிஞ்சுவது 25. கருவிகள் வாங்கிய பிறகும் கற்பித்தல் மேம்படவில்லை என்றால் முதலில் இந்தக் கணக்கைப் பாருங்கள். கருவி இல்லாத குறை கண்ணுக்குத் தெரியும், அதற்குப் பணம் கேட்கலாம். கசியும் நிமிடங்களை யாரும் எழுதி வைப்பதில்லை.

லாகினில் இருந்து தொடங்குவோம். 40 பேரில் 8 பேர் பாஸ்வேர்டை மறந்திருப்பார்கள். ஒருவருக்கு ஒரு நிமிடம் என்றாலும் 8 நிமிடம், அதுவரை மற்ற 32 பேர் சும்மா இருக்கிறார்கள். சின்ன வகுப்புகளுக்குக் கியூஆர் கோடு அச்சிட்ட அட்டை போதும். பெரிய வகுப்புகளுக்கு, பாஸ்வேர்டை மாற்றித்தரும் அனுமதி வகுப்பு ஆசிரியர் கையிலேயே இருக்க வேண்டும். அந்த அனுமதி அலுவலகத்தில் ஒரே ஒருவரிடம் இருந்தால், அவர் விடுப்பில் போகும் நாளில் பாடமும் விடுப்புதான்.

அடுத்தது இணையம். 720பி வீடியோ ஒன்று ஓடச் சுமார் 2.5 எம்பிபிஎஸ் (நொடிக்கு 2.5 மெகாபிட்) வேகம் வேண்டும். 40 பேர் தனித்தனியாக ஓடவிட்டால் 100 எம்பிபிஎஸ் இணைப்பு அந்த ஒரு அறையிலேயே தீர்ந்துவிடும். வேகம் மிச்சம் இருந்தாலும் வைஃபையில் இன்னொரு சிக்கல் உண்டு. ஒரே சானலில் (அலைவரிசைத் தடத்தில்) ஒரு கருவி பேசும்போது மற்றவை காத்திருக்கும். கடைசி மூலையில் சிக்னல் மங்கலாகக் கிடைக்கும் டேப்லெட் மெதுவாகப் பேசி, எல்லாருடைய நேரத்தையும் எடுத்துக்கொள்ளும். வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் ஒன்றோடொன்று மோதாத சானல்கள் 1, 6, 11 என மூன்றுதான். அடுத்தடுத்த அறைகளுக்கு அவற்றை மாற்றி மாற்றி வையுங்கள், முடிந்தால் 5 கிகாஹெர்ட்ஸுக்குப் போங்கள். இதைவிட எளிய வழி, வீடியோவை முன்தினமே இறக்கி வைத்துப் பெரிய திரையில் ஒரே தடவை ஓட்டுவது. அப்டேட்டும் அப்படித்தான். கருவிக்கு 1 ஜிபி என்றால் 40 கருவிக்கு 40 ஜிபி. 100 எம்பிபிஎஸ் முழுவதையும் விழுங்கினாலும் 50 நிமிடத்துக்கு மேல் ஆகும். அதைப் பள்ளி முடிந்த பிறகு, சார்ஜில் போட்டுவிட்டுச் செய்ய வேண்டும்.

ப்ரொஜெக்டரால் கறுப்பைப் பாய்ச்ச முடியாது என்பதை நினைவில் வைத்தால் பாதிக் கோளாறு தீரும். திரையில் கறுப்பாகத் தெரிவது, ஒளி விழாத வெறும் திரை. அறை வெளிச்சம் அதன் மேல் விழுந்தால் அது சாம்பல் நிறமாகும், எழுத்து வெளுத்துப்போகும். திரைக்கு நேர் மேலே இருக்கும் விளக்குகளுக்குத் தனி சுவிட்ச் வேண்டும். அவற்றை மட்டும் அணைத்தால் மாணவர்கள் குறிப்பெடுக்க வெளிச்சம் மிஞ்சும். கடைசி வரிசையின் தூரத்தை 6-ஆல் வகுத்தால் வருவது படத்தின் குறைந்தபட்ச உயரம். 9 மீட்டர் அறைக்கு ஒன்றரை மீட்டர். எழுத்து 28 பாயிண்டுக்குக் குறைய வேண்டாம்.

தமிழில் கற்பிப்பவர்களுக்கு வரும் தொல்லை ஒன்று உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய வினாத்தாளை இணையப் படிவத்தில் ஒட்டினால் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாக மாறிவிடும், எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான குறியீடான யூனிகோடுக்கு மாற்றியே ஆக வேண்டும். மாற்றிய பிறகும் ஒரு பொறி காத்திருக்கிறது. 'கொ' என்பதை ஒரே ஒகரக் குறியாகவும் சேமிக்கலாம், கொம்பு தனி, கால் தனி என இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் தானாகத் திருத்தும் மென்பொருள் இவற்றை ஒன்றாக்கிப் பார்க்காவிட்டால் சரியான விடைக்கு மதிப்பெண் போடாது. 'ஔ' என்ற எழுத்தை 'ஒ', 'ள' எனப் பிரித்துத் தட்டினாலும் இதே கதிதான். சரியாக எழுதிய குழந்தை "தவறு" என்று திரையில் பார்ப்பது வேதனையான விஷயம். இரண்டு வடிவங்களையும் ஏற்கத்தக்க விடையாகச் சேர்த்துவிடுங்கள், இல்லையேல் அந்த வினாவை நீங்களே திருத்துங்கள்.

இவ்வளவும் சரியாக அமைந்த பிறகுதான் முக்கியமான கேள்வி வருகிறது: திரை ஒளிரும்போது யோசிப்பது யார்? ஸ்மார்ட் போர்டில் ஆசிரியர் பக்கம் பக்கமாகத் தள்ளிக்கொண்டே போனால் கரும்பலகை மினுங்குகிறது, அவ்வளவுதான். தொழில்நுட்பம் உண்மையில் கைகொடுக்கும் இடம், 40 பேரின் தவறுகளையும் ஒரே நேரத்தில் காட்டுவது. அதற்கு விருப்பத் தேர்வுகளைத் தவறுகளில் இருந்தே எடுக்க வேண்டும். 1/2 + 1/3 எவ்வளவு என்ற வினாவுக்கு 5/6, 2/5, 2/6, 1/5 என்று கொடுங்கள். 2/5 என்பவர் மேலேயும் கீழேயும் தனித்தனியாகக் கூட்டியிருக்கிறார். 2/6 என்பவர் பொதுப் பகுதியைக் கண்டுபிடித்துவிட்டுத் தொகுதிகளை மாற்ற மறந்திருக்கிறார். இருவருக்கும் ஒரே விளக்கம் உதவாது. 17 பேர் 2/5-ஐத் தொட்டிருக்கிறார்கள் என்று ஒரு நிமிடத்தில் தெரிந்தால், அடுத்த 10 நிமிடம் எதற்கு என்று உங்களுக்கே புரியும். மதிப்பெண் சராசரியை மட்டும் பார்த்தால் இது தெரியவே தெரியாது.

ஹார்வர்டில் இயற்பியல் கற்பித்த எரிக் மசூர் 1990-களில் இருந்து பரப்பிய முறை இதோடு பொருந்தும். முதலில் தனியாக விடை, பிறகு பக்கத்தில் இருப்பவரோடு விவாதம், பிறகு மறுபடி விடை. பெரும்பாலோர் சரியாகச் சொன்னால் விவாதம் வேண்டாம், மேலே போகலாம். மிகச் சிலரே சரி என்றால் மறுபடி விளக்க வேண்டும். இரண்டுக்கும் இடைப்பட்ட நிலையில்தான் விவாதம் பலன் தரும். நான்கு வண்ண அட்டைகளை வைத்தும் இதைச் செய்யலாம், மின்சாரம் போனாலும் பாடம் நிற்காது.

கல்வித் தொழில்நுட்ப ஆய்வாளர் பெக்கி எர்ட்மர், வகுப்பில் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துவதற்கான தடைகளை 1999-இல் இரண்டாகப் பிரித்தார்: கருவி, நேரம், பயிற்சி போன்ற புறத்தடைகள், கற்பித்தல் பற்றிய ஆசிரியரின் நம்பிக்கை என்ற அகத்தடை. ஒருநாள் பயிற்சி முகாம் பொத்தான்களைக் கற்றுத்தரும், இரண்டாவதைத் தொடாது. இரண்டு ஆசிரியர்கள் சேர்ந்து உட்கார்ந்து, வரும் வாரத்தின் ஒரே ஒரு பாடத்துக்கு, மேலே சொன்ன பின்னக் கணக்கைப் போலத் தவறுகளைக் காட்டும் நான்கு வினாக்களை எழுதட்டும். முதல் தடவை ஒரு மணி நேரம் பிடிக்கும். அந்த ஒரு மணி நேரத்தைக் கால அட்டவணையிலேயே ஒதுக்கித் தர வேண்டும், வீட்டு வேலையாகச் சுமத்தக் கூடாது.