நாலு யூனிட்டுக்கு ஓடினோம், ஏறியது இரண்டு

அப்பாவுக்கு பைபாஸ் தேதி குறித்த அன்று மாலை கவுண்டரில் ஒரு துண்டுச் சீட்டைக் கையில் கொடுத்தார்கள். 'பி பாசிட்டிவ், 4 டோனர், வியாழனுக்குள்.' அவ்வளவுதான் எழுதியிருந்தது.

நாங்கள் மும்பை தாராவியில் தொண்ணூறு அடி ரோட்டுப் பக்கம். அப்பா முப்பது வருஷமாக இட்லி வியாபாரம். விடியற்காலை அடுப்பைப் பற்றவைத்து, ஏழு மணிக்கெல்லாம் சைக்கிளில் டப்பாவைக் கட்டிக்கொண்டு மாஹிம் பக்கம் கிளம்பிவிடுவார். இதயத்தின் மூன்று ரத்தக் குழாயிலும் அடைப்பு என்றார்கள். ரத்தம் உறையாமல் இருக்க அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த குளோபிடோக்ரலை நிறுத்தி ஐந்து நாள் கழித்துத்தான் ஆபரேஷன். செலவு, மகாராஷ்டிர அரசின் மகாத்மா ஜோதிராவ் புலே மருத்துவத் திட்டத்தில் ரேஷன் கார்டை வைத்து நடந்தது. அந்தக் காகிதக் கதை தனி. எனக்கு அந்த ஐந்து நாளும் ஆள் தேடுவதிலேயே போனது.

முதல் நாள் முழுக்க பி பாசிட்டிவ் ஆளாகத் தேடினேன். மறுநாள் ரத்த வங்கியில் கேட்டால், "எந்த குரூப்பாக இருந்தாலும் சரி, எங்கள் கையிருப்பிலிருந்து எடுப்பதை நிரப்பினால் போதும்" என்கிறார்கள். இதைச் சீட்டிலேயே எழுதினால் என்ன குறைந்துவிடும்? ஆள் தராவிட்டால் தேதி தள்ளிப்போகும் என்றும் ஒருவர் சொன்னார். உறவினர்களிடம் மாற்று ரத்தம் வாங்கும் வழக்கத்தைக் குறைத்து, தன்னார்வக் கொடைக்கு மாற வேண்டும் என்று 2002 தேசிய ரத்தக் கொள்கை சொல்வதைப் பிறகுதான் படித்தேன். அன்றைக்குத் தெரிந்திருந்தாலும் வாதாடியிருப்பேனா என்பது சந்தேகம். அப்பா உள்ளே படுத்திருக்கும்போது யாருக்குத் தைரியம் வரும்?

வெளியே டீக்கடையில் ஒருவன் தானாக வந்து, "டோனர் வேணுமா பாய்?" என்று காதைக் கடித்தான். காசுக்கு ரத்தம் விற்பதை உச்ச நீதிமன்றம் 1996 தீர்ப்பில் தடுத்து, 1998 ஜனவரி 1 முதல் அது சட்டப்படி கிடையாது. ஆனாலும் ஆஸ்பத்திரி வாசலில் ஆள் நிற்கிறான். நகர்ந்து வந்துவிட்டேன்.

என்னையும் சேர்த்து ஏழு பேரைத் திரட்டினேன். மூன்று பேரைத் திருப்பி அனுப்பினார்கள். சித்தி பையன் நாலு மாதம் முன்பு கையில் டாட்டூ போட்டிருந்தான், ஒரு வருஷம் ஆக வேண்டுமாம். இன்னொருவர் முந்தின இரவு குடித்திருந்தார். எங்கள் பக்கத்து வீட்டு முருகன் பக்தர் சுகர் டெஸ்ட் மாதிரி நினைத்து வெறும் வயிற்றோடு வந்துவிட்டார். அவருக்கு இரண்டு வடாபாவ் வாங்கிக் கொடுத்து ஒரு மணி நேரம் உட்காரவைத்தேன், பாஸ் ஆகிவிட்டார். மூன்றாவதாகத் தோற்றது என் சிநேகிதன். பார்க்க மல்யுத்த வீரன் மாதிரி இருப்பான். விரலில் குத்தி எடுத்த ஒரு சொட்டை நீல நிற மயில்துத்தக் கரைசலில் விட்டார்கள். மூழ்கினால் ஹீமோகுளோபின் 12.5க்கு மேல், தேறிவிட்டார் என்று அர்த்தம். அவனுடைய சொட்டு கொஞ்சம் இறங்கி, அங்கேயே நின்று, மெல்ல மேலே வந்தது. அவன் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

நானும் பி பாசிட்டிவ்தான். என் ரத்தத்தையே அப்பாவுக்கு ஏற்றுங்கள் என்று கேட்டேன். டெக்னீஷியன் கூடாது என்று தலையாட்டினார். சொந்த ரத்த உறவிடம் இருந்து எடுத்தால், அதிலுள்ள வெள்ளணுக்களை வாங்குபவரின் உடம்பு அந்நியம் என்று கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாம். அவை உள்ளேயே தங்கி அவர் உடம்பைத் தாக்க ஆரம்பிக்கும். அபூர்வம்தான், ஆனால் வந்தால் பிழைப்பது கஷ்டம். அந்த ரத்தத்துக்குக் கதிர்வீச்சு கொடுத்துத்தான் ஏற்ற வேண்டும். அதனால் என்னுடையது பொதுக் கையிருப்புக்குப் போனது. பேச்சுவாக்கில் அவர் பாம்பே குரூப் என்ற அபூர்வ ரத்த வகை பற்றியும் சொன்னார். 1952இல் இதே ஊரில் டாக்டர் பெண்டே கண்டுபிடித்தது. சாதாரண சோதனையில் ஓ மாதிரித் தெரியும், ஆனால் அவர்களுக்கு ஓ ரத்தம் சேராது, அதே வகைதான் வேண்டும். எந்த குரூப்பும் சரி என்று சொல்லியும் எனக்கு இந்தப் பாடு. அந்த வீட்டுக்காரர்கள் என்ன செய்வார்களோ.

ஆபரேஷன் ஐந்து மணி நேரம். உள்ளே ஏற்றியது ஒரே ஒரு யூனிட். எனக்கு ஒரு மாதிரி ஏமாற்றமாகக்கூட இருந்தது, நாலு பேரைக் கூட்டி வந்தோமே என்று!

மூன்றாம் நாள் வார்டுக்கு மாற்றினார்கள். ஹீமோகுளோபின் 7.2. ஆபரேஷன் நேரத்தில் இதயத்தின் வேலையைச் செய்யும் இதய நுரையீரல் இயந்திரத்தை முதலில் திரவத்தால் நிரப்புவார்களாம். அதில் ரத்தம் கலந்து நீர்த்துவிடுகிறது, அதற்கு மேல் கசிவு, தினமும் எடுக்கும் சாம்பிள். இன்னொரு யூனிட் எழுதினார் டாக்டர். பை வந்ததும் இரண்டு சிஸ்டர்கள் நின்று அப்பாவின் பேரை அவர் வாயாலேயே சொல்லச் சொல்லி, கைப்பட்டையையும் பையிலிருந்த நம்பரையும் மாறி மாறி வாசித்தார்கள். பையைத் தொட்டுப் பார்த்தேன், ஐஸ் தண்ணீர் மாதிரி இருந்தது. முதல் பதினைந்து நிமிஷம் சொட்டுச் சொட்டாக விட்டு, சிஸ்டர் பக்கத்திலேயே நின்று காய்ச்சல், பிரஷர் எல்லாம் பார்த்தார்.

அவர் அந்தப் பக்கம் போன கொஞ்ச நேரத்தில், "ஏலே, கை நமநமங்குது" என்றார் அப்பா. சட்டையை விலக்கினால் எறும்பு கடித்த மாதிரி தடிப்புத் தடிப்பாக. கத்திக் கூப்பிட்டேன். சிஸ்டர் ஓடி வந்து முதலில் கிளாம்பை மூடினார், பிறகுதான் என்னவென்று கேட்டார். சலைன், அலர்ஜிக்கு அவில் ஊசி. அரை மணி நேரத்தில் தடிப்பு அடங்கியது. டாக்டர் பார்த்துவிட்டு அதே பையை இன்னும் மெதுவாக விடச் சொன்னார். எடுத்து வந்து நாலு மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டும் என்பதால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். துணைக்கு இருப்பவர்கள் அந்த நேரத்தில் போனைப் பார்க்காமல் ஆளைப் பாருங்கள்.

மறுநாள் 8.1. அப்பாவுக்கு எழுந்து பாத்ரூம் போகவே தலை சுற்றியது. "ரெண்டு பாட்டில் ஏத்தச் சொல்லுல, சீக்கிரம் தெம்பு வந்துரும்" என்று நச்சரிப்பு. நானும் டாக்டரிடம் கொஞ்சம் குரலை உயர்த்தியே கேட்டேன், நாலு பேர் கொடுத்திருக்கிறோம், இரண்டுதானே ஆகியிருக்கிறது என்று. அவர் கோபப்படவில்லை. "உங்கள் அப்பாவுக்கு வேண்டிய அளவு இருக்கிறது. ரத்தம் டானிக் இல்லை" என்று இந்தியில் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அன்றைக்கு எனக்கு வயிறெரிந்தது. பிற்பாடு தெரிந்துகொண்டேன். இதய ஆபரேஷன் ஆனவர்கள் சுமார் ஐயாயிரம் பேரை வைத்து 2017இல் வந்த ஆய்வில், ஹீமோகுளோபின் 7.5க்குக் கீழே போனால் மட்டும் ஏற்றியவர்களுக்கு, 9.5க்குக் கீழே போனதுமே (வார்டில் 8.5) ஏற்றியவர்களைவிட மரணமோ மாரடைப்போ பக்கவாதமோ சிறுநீரகச் செயலிழப்போ அதிகமாகவில்லை. அப்பாவின் தடிப்பும் அப்போது ஞாபகம் வந்தது.

ஏழாம் நாள் 8.4ஓடு வீட்டுக்கு வந்தோம். மாடிப்படி ஆறே ஆறுதான், நடுவில் உட்கார்ந்துவிட்டார். இருமினால் நெஞ்சில் தலையணையை அணைத்துக்கொள்ள வேண்டும், எழும்போது கையை ஊன்றக் கூடாது, மூச்சுப் பயிற்சிக்கு மூன்று உருண்டை ஊதுகுழலை உறிஞ்சி உருண்டைகளைத் தூக்க வேண்டும். பைபாஸுக்கு ரத்தக் குழாய் எடுத்த இடது கால் சாயங்காலமானால் வீங்கியது. இதெல்லாம் சொல்லி அனுப்பியிருந்தார்கள். சொல்லாதது, இரும்புச் சத்து மாத்திரையால் மலம் கறுப்பாகப் போகும் என்பது. உள்ளே ரத்தம் கசிகிறது என்று அம்மா அழுது, ராத்திரி பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டோம்.

ஆளாளுக்கு பீட்ரூட், மாதுளை என்று சிவப்பாக எதைப் பார்த்தாலும் வாங்கி வந்தார்கள். அத்தை ஆட்டு மண்ணீரலான சுவரொட்டியே வதக்கிக் கொண்டுவந்துவிட்டார். கொலஸ்ட்ரால் அதிகம் என்று டயட்டீஷியன் அதற்குத் தடை போட்டிருந்ததால் அதை நான்தான் சாப்பிட்டேன். முருங்கைக் கீரையும் பயறும் அனுமதி. பெரிய சண்டை டீக்குத்தான். மாத்திரையோடு டீ குடித்தால் இரும்பு உடம்பில் சேராது, இரண்டு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள் என்றார்கள். விடியற்காலை டீ இல்லாமல் முப்பது வருஷத்தில் அடுப்புப் பற்றவைக்காத மனுஷன்! மாத்திரையை ராத்திரிக்கு மாற்றியதும்தான் வீடு அமைதியானது.

ஆறாம் வாரம் 10.3, பன்னிரண்டாம் வாரம் 12.1. ஆபரேஷனுக்கு அறுத்த நெஞ்செலும்பு கூடிவிட்டது, கொஞ்சம் கொஞ்சமாக வெயிட் தூக்கலாம் என்றார் டாக்டர். மறுநாள் நான் எழுவதற்குள் அப்பா இட்லிப் பானை பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். "டாக்டர் கொஞ்சம்னு சொன்னாரு" என்று அம்மா கரண்டியோடு மறித்து நிற்க, ஒரே ஒரு தட்டை மட்டும் எடுத்து வைத்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"ஏலே, அன்னைக்கு நீ குடுத்த ரத்தம், எவனுக்குல ஏத்துனானுவ?"

"தெரியலப்பா."

"கேட்டுட்டு வந்திருக்கலாம்லா" என்றபடி அடுத்த தட்டுக்குக் கை நீட்டினார்.