டாலிடாவைத் தேடி மோன்மார்த் மேட்டில்

பாரிஸில் பர்ஸ் காலியாகாமல் சுற்ற வேண்டுமா? மோன்மார்த் மேட்டில் பாடகி டாலிடாவைத் தேடிப் போங்கள். அவர் வாழ்ந்த வீடு, சிலை, கல்லறை மூன்றும் நடை தூரம்தான், கட்டணமும் கிடையாது.

ஓவியர்கள் கூடும் தெர்த்ர் சதுக்கத்தில் மட்டும் உட்கார்ந்துவிடாதீர்கள். விரலளவு காபிக்கு ஆறு யூரோ தீட்டினார்கள். 2025-இல் மெட்ரோ டிக்கெட்டே இரண்டரை யூரோவாகத்தான் இருந்தது! வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, ஓர் ஓவியர் என் மூக்கை வரையத் தொடங்கிவிட்டார். தப்பித்து அப்ருவார் தெருவுக்குள் இறங்கிய பிறகுதான் மூச்சு வந்தது.

தெருக்கோடியில் சிலை. சிற்பி அஸ்லான் செய்த வெண்கல மார்பளவுச் சிலை. உடம்பெல்லாம் கருத்திருக்க, மார்பு மட்டும் பொன்னாகப் பளபளக்கிறது. தொட்டால் அதிர்ஷ்டமாம்! ஆளாளுக்குக் கை வைத்து, இளித்துக்கொண்டே போட்டோ எடுக்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

டாலிடா 1933-இல் எகிப்தின் கெய்ரோவில் இத்தாலியக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா அங்கே ஓபராவில் வயலின் கலைஞர். கைக்குழந்தையிலேயே கண்ணில் நோய். கட்டும் அறுவை சிகிச்சையுமாகவே வளர்ந்த பெண், 1954-இல் மிஸ் எகிப்து ஆனார்! அந்த வருடக் கடைசியிலேயே நடிகையாகும் கனவோடு பாரிஸ் வந்தார். சினிமா கைகொடுக்கவில்லை, பாட்டு தூக்கிவிட்டது. 1956-இல் வந்த ‘பம்பினோ’ பாடல் அவரை வீடுவீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. பிரெஞ்சு, இத்தாலியன், அரபி என்று பல மொழிகளில் பாடித் தள்ளினார். நல்ல நடிகை என்று நிரூபிக்க 1986 வரை ஆனது. யூசுப் ஷாஹீன் இயக்கிய ‘ஆறாம் நாள்’ படத்தில், காலரா பரவிய எகிப்தில் பேரனைக் காப்பாற்றப் போராடும் பாட்டியாக, கவர்ச்சியை மூட்டைகட்டி வைத்துவிட்டு நடித்தார். சிலையைத் தடவுகிற கும்பல் முதலில் அதைப் பார்க்கட்டும்.

ஓர்ஷாம் தெரு வீட்டுக்குள் விடமாட்டார்கள், தனியார் சொத்து. 1962 முதல் அங்கே வாழ்ந்தவர், 1987 மே 3-ஆம் தேதி அங்கேயே உயிரை மாய்த்துக்கொண்டார். மோன்மார்த் கல்லறைத் தோட்டத்தில் ஆளுயரச் சிலையாக நிற்கிறார். தலைக்குப் பின்னால் தங்கக் கதிர்கள், காலடியில் பூக்குவியல். நல்லவேளை, அங்கே யாரும் கை வைக்கவில்லை.

பசிக்குப் பார்பெஸ் பக்கம் நடந்துவிடுங்கள். வட ஆப்பிரிக்கக் கடைகள் வரிசையாக இருக்கும். ஆவி பறக்கும் கூஸ்கூஸ் (கோதுமை ரவை உணவு), மேலே கொண்டைக்கடலையும் கேரட்டும் மிதக்கும் குழம்பு. தட்டு காலியானதும், கேட்காமலே இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார் கடைக்காரர். அதற்குத் தனிக் காசு இல்லை!