கோத்தகிரி பஸ்ஸில் ஏறும் கேமிங் பெட்டி

கேமிங் லேப்டாப் வாங்கலாமா, டெஸ்க்டாப் கட்டலாமா என்று யாராவது கேட்டால், போகிற இடத்தில் எல்லாம் திரை இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பேன். எனக்கு இருந்தது. கோவை அறையில் ஒரு பழைய 22 இன்ச் மானிட்டர், கோத்தகிரி வீட்டில் டிவி. வேலை நாளெல்லாம் கீழே, வாரக் கடைசியில் மேலே என்று ஓடுகிற பிழைப்பு. லேப்டாப் வாங்கினால் திரை, பேட்டரி, கீபோர்டு என்று எல்லாவற்றுக்கும் இன்னொரு முறை காசு கொடுக்க வேண்டும். ஒரு சின்ன டெஸ்க்டாப் பெட்டியை மட்டும் தூக்கிக்கொண்டு போனால் போதுமே என்று தோன்றியது. 2024-இல் கையில் இருந்தது நாற்பதாயிரம்.

கம்ப்யூட்டரில் சின்னது என்றாலே விலை அதிகம். 170 மில்லிமீட்டர் சதுரமான மினி ஐடிஎக்ஸ் மதர்போர்டு (பாகங்கள் எல்லாம் உட்காரும் பலகை), அதைவிடப் பெரிய மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டைவிட விலை கூட. அதற்கேற்ற குட்டி பவர் சப்ளை, குட்டி கேபினட் எல்லாம் அப்படியே. தனி கிராபிக்ஸ் கார்டும் சேர்த்தால் என் நாற்பதாயிரம் பாதி வழியில் தீர்ந்துவிடும். அதனால் கார்டே வேண்டாம், கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிற சிப் போதும் என்று முடிவு செய்தேன். ஏஎம்டி ரைசன் 5 5600ஜி. ஆறு கோர், 65 வாட். அதை உட்கார வைக்க ஏஎஸ்ராக் டெஸ்க்மினி எக்ஸ்300. 155க்கு 155, உயரம் 80 மில்லிமீட்டர், மொத்தம் இரண்டு லிட்டருக்கும் குறைவு. கேபினட்டும் போர்டும் அடாப்டரும் ஒன்றாகவே வந்துவிடும்.

இந்த முடிவுக்கு விலை மட்டும் காரணமில்லை, எங்கள் ஊர் கரண்டும் காரணம். ஐப்பசி, கார்த்திகை மழையில் எங்காவது ஒரு கற்பூர மரம் (யூகலிப்டஸ்) லைன் மேல் சாய்ந்தால் எப்போது கரண்டு வரும் என்று யாருக்கும் தெரியாது. கரண்டு இருக்கும்போதும் சாயங்காலம் வோல்டேஜ் படுத்துவிடும். எங்கள் வீட்டு இன்வெர்ட்டர் லைட், டிவி, வைஃபை ரூட்டர் இவற்றுக்காகப் போட்டது (மேலே ஃபேனுக்கு வேலையில்லை). 500 வாட் பவர் சப்ளை போட்ட டவர் பிசியை அதில் மாட்டி கேம் ஆடினால் அம்மா என்னையும் பிசியையும் சேர்த்தே வெளியே அனுப்பிவிடுவார். டெஸ்க்மினிக்கு வருவது லேப்டாப் மாதிரி 19 வோல்ட், 120 வாட் அடாப்டர். 100 முதல் 240 வோல்ட் வரை எது வந்தாலும் வாங்கிக்கொள்ளும், 120 வாட்டுக்கு மேல் கொடுக்க அதனால் முடியாது.

இன்வெர்ட்டரில் ஒரு விஷயம் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டு இன்வெர்ட்டர் பலவற்றில் பின்பக்கம் 'யூபிஎஸ்', 'ஈகோ' என்று ஒரு சுவிட்ச் இருக்கும். ஈகோவில் இருந்தால் கரண்டு போனதும் பேட்டரிக்கு மாறக் கொஞ்சம் நேரம் எடுக்கும், கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகலாம். யூபிஎஸ்-க்கு மாற்றினால் சட்டென்று மாறிவிடும். ஆனால் அந்த நிலையில் அது லோ வோல்டேஜைப் பொறுக்காது. 180-க்குக் கீழே இறங்கினாலே கரண்டு போய்விட்டது என்று எண்ணி பேட்டரிக்குத் தாவிவிடும். அதனால் எங்கள் வீட்டில் கேம் ஆடும்போது மட்டும் யூபிஎஸ், மற்ற நேரம் ஈகோ.

பாகங்கள் வாங்கியது காந்திபுரத்தில். கடைக்கார அண்ணனுக்கு என் பட்டியலில் நம்பிக்கையே இல்லை.

"ஏனுங் தம்பி, கார்டு இல்லாம கேமிங்ங்கறீங்க. கொஞ்சம் பெரிய கேபினட்டா போட்டுட்டா அப்புறமா ஏத்திக்கலாமுங்களே?"

"பெரிய கேபினட்ட மடியில வெச்சுக்கிட்டு பஸ்ல போக முடியாதுங்கண்ணா."

சரி என்று சிரித்துவிட்டு பில் போட்டார். டெஸ்க்மினி 16,000, சிப் 11,000, லேப்டாப்புக்கான 8 ஜிபி டிடிஆர்4 ராம் இரண்டு சேர்ந்து 3,500, சேமிப்புக்கு 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி 3,000, கூலர் 4,500, வைஃபை கார்டும் ஆன்டெனாவும் 1,500. சிப்போடு இலவசமாக வரும் கூலரின் உயரம் 54 மில்லிமீட்டர். இந்தப் பெட்டிக்குள் 46-க்கு மேல் போகாது. 37 மில்லிமீட்டர் நாக்டுவா கூலர் வாங்கியதால்தான் அந்த 4,500. பட்டியலிலேயே மனசு வலித்தது அதற்குத்தான். இலவசக் கூலரை 400 ரூபாய்க்கு ஒரு நண்பன் தலையில் கட்டினேன்.

எக்ஸ்300 போர்டு 2020-இல் வந்தது, 5600ஜி 2021-இல். பழைய சரக்காக இருந்தால் பயாஸை (கம்ப்யூட்டரை எழுப்பிவிட போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) அப்டேட் செய்யாமல் இந்தச் சிப்பை அதற்கு அடையாளம் தெரியாது. ஃபேன் சுற்றும், திரையில் ஒன்றும் வராது. இதைப் படித்துவிட்டுப் போனதால் கடையிலேயே மாட்டிப் பார்க்கச் சொன்னேன். நினைத்தது போலவே படம் வரவில்லை. அண்ணன் உள்ளே போய் ஒரு பழைய ரைசன் 3 3200ஜி சிப் எடுத்து வந்து அதைப் போட்டு, பென்டிரைவில் பயாஸ் ஏற்றி, மறுபடி என் சிப்பை வைத்தார். இதைக் கோத்தகிரி வீட்டுக்குப் போய்க் கண்டுபிடித்திருந்தால் மறுபடி மலை இறங்க வேண்டியிருக்கும். வாங்குபவர்கள் கடையிலேயே ஆன் செய்து பார்த்துவிடுங்கள்.

மீதியை அறையில் மாட்டினேன். பின்பக்கம் நாலு திருகைக் கழற்றி இழுத்தால் போர்டு தட்டோடு வெளியே வரும். போர்டில் சிப்பைச் சுற்றி இருக்கும் பிளாஸ்டிக் கொக்கிகளைக் கழற்றிவிட்டு, கூலரை மேஜையில் தலைகீழாக வைத்து, அதன் மேல் போர்டைக் கவிழ்த்து, பின்னாலிருந்து திருகு போட வேண்டும். ஒரு மூலையை முழுக்க இறுக்கிவிடாமல், எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினால் சிப்புக்கும் கூலருக்கும் நடுவே சூட்டைக் கடத்தும் பேஸ்ட் சமமாகப் பரவும். வைஃபை கார்டின் ஆன்டெனா ஒயர் முனை கடுகளவுதான். விரலால் அழுத்தினால் வழுக்கும். நகத்தால் அழுத்தினால் 'டிக்' என்று உட்காரும். அதைப் போர்டு வெளியே இருக்கும்போதே முடித்துவிட வேண்டும், உள்ளே தள்ளிய பிறகு கை போகாது.

ராம் ஒரே 16 ஜிபி குச்சியாக வாங்காமல் இரண்டு 8 வாங்கியதற்குக் காரணம் உண்டு. இந்தச் சிப்பின் கிராபிக்ஸுக்கென்று தனி மெமரி கிடையாது, ராமைத்தான் பயன்படுத்திக்கொள்ளும். 3200 வேக ராம் ஒன்று நொடிக்கு 25.6 ஜிபி தரும், இரண்டு போட்டால் 51.2. ஒரே குச்சியில் ஆடினால் கேம் திக்கித் திக்கிப் போகும். அப்புறம் பயாஸில் இரண்டு மாற்றம். கிராபிக்ஸுக்கு 2 ஜிபி ஒதுக்கினேன், சிப்பின் 65 வாட்டை 45-க்கு இறக்கினேன். இது ஏஎம்டியே அனுமதிக்கிற எல்லைதான். கேமில் வித்தியாசம் பெரிதாகத் தெரியவில்லை, ஃபேன் சத்தம் நன்றாகக் குறைந்தது.

என்ன ஓடும்? வலோரன்ட், 1080 ரெசல்யூஷனில் குறைந்த செட்டிங்கில், நொடிக்கு 60 ஃபிரேமுக்கு மேல் தாராளம். ஜிடிஏ 5 நன்றாகவே போகிறது. புதிதாக வரும் கனமான கேம்களை 720-க்கு இறக்கினாலும் இழுக்கும். அவற்றுக்கு ஆசைப்படுகிறவர்கள் இந்த வழிக்கு வர வேண்டாம். வீட்டு டிவியில் கேம் மோட் போட மறக்காதீர்கள், இல்லையென்றால் மவுஸை அசைத்துச் சற்றுப் பொறுத்துத்தான் திரை அசையும். மேலே நெட் மெதுவாக இருப்பதால் நூறு ஜிபி கேம் எல்லாம் கோவையில் இறக்கிக்கொண்டு போவேன்.

கோத்தகிரி கிட்டத்தட்ட 1,800 மீட்டர். காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் சூட்டை எடுத்துப் போகும் காற்று குறைவுதான். ஆனால் அறையே குளிர்ந்து கிடப்பதால் சித்திரை மாதக் கோவையைவிட அங்கே சிப் குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது. தொல்லை ஈரம்தான். விடியற்காலைக் குளிரில் பெட்டியை எடுத்துக்கொண்டு 33 கிலோமீட்டர் இறங்கி மேட்டுப்பாளையத்தைத் தொட்டால், கீழே உள்ள ஈரக் காற்று பட்டு மூக்குக் கண்ணாடி வேர்ப்பது போல உலோகமும் வேர்க்கும். அறைக்கு வந்ததும் பையைத் திறக்காமல் ஒரு மணி நேரம் வைத்துவிட்டு, பிறகுதான் ஆன் செய்வேன். மேலே இருக்கும் நாட்களில் பெட்டியோடு சிலிக்கா ஜெல் பொட்டலங்கள். பஸ்ஸில் மேல் ரேக்கில் வைப்பதில்லை, வளைவில் எதிர் சீட்டுக்காரர் தலையில் இறங்கிவிடும். அடாப்டரும் கனம் என்பதால் அதே 19 வோல்ட், 120 வாட்டில் இன்னொன்று வாங்கி வீட்டிலேயே வைத்துவிட்டேன்.

இப்போது சித்தி பையன் இதே மாதிரி வேண்டும் என்கிறான். 2025 கடைசியில் ராம் விலை எகிறியதில் என் பழைய பில் அவனுக்கு உதவாது. இதே அளவில் புது ரைசனுக்கு டெஸ்க்மினி எக்ஸ்600 இருக்கிறது, ஆனால் அதற்கு டிடிஆர்5 ராம், செலவு இன்னும் கூடும். அவன் குன்னூர் வீட்டை விட்டு எங்கும் தூக்கிப் போகப் போவதில்லை. அதனால் ராமோடு வரும் பழைய ஆபீஸ் டெஸ்க்டாப் ஒன்று வாங்கி, தனி பவர் ஒயர் கேட்காத 75 வாட் குட்டை ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டு ஒன்றைச் செருகிக்கொள் என்று சொல்லியிருக்கிறேன். அடுத்த சனிக்கிழமை இரண்டு பேரும் கோவையில் கடை பார்க்கப் போகிறோம்.