தூங்கும் கோர்கள்: மார்ச் மாதக் குறிப்புகள்

மார்ச் 3, 2025, திங்கள்

விண்டோஸில் கோர் பார்க்கிங்கை நிறுத்தினால் கேம் பறக்கும் என்ற பேச்சு மறுபடியும் கிளம்பியிருக்கிறது. தம்பி ஒரு வீடியோவை அனுப்பி, "அக்கா, என் பிராசசர்ல பாதி கோர் சும்மாவே கிடக்குதாம். எழுப்பிவிடட்டுமா?" என்று கேட்டான். ஆம், இல்லை என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடக்கூடிய கேள்வி இல்லை இது. இந்த மாதம் முழுக்க இதைத் தோண்டி எழுதி வைக்கலாம் என்று இருக்கிறேன்.

முதலில் அடிப்படை. கோர் என்பது பிராசசருக்குள் தனியாக வேலை செய்யக்கூடிய ஒரு பகுதி. கோர் பார்க்கிங் 2009இல் விண்டோஸ் 7 உடன் வந்தது. சர்வர் பக்கம் விண்டோஸ் சர்வர் 2008 ஆர்2. இயங்குதளம் குறிப்பிட்ட இடைவெளியில் பிராசசர் எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்க்கிறது. இருக்கும் வேலைக்கு எத்தனை கோர் போதும் என்று கணக்குப் போட்டு, மிச்சத்தைப் 'பார்க்' செய்கிறது. அதாவது, அந்தக் கோர்களுக்குப் புது வேலை கொடுப்பதை நிறுத்திவிடுகிறது. வேலை வராத கோர் சி6 போன்ற ஆழ்ந்த உறக்க நிலைக்குப் போகிறது, மின்சாரம் மிச்சமாகிறது.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. பார்க் செய்வது விண்டோஸ் எடுக்கும் முடிவு. தூங்குவது பிராசசரின் வேலை. அன்பார்க் செய்துவிட்டாலும் வேலையில்லாத கோர் தூங்கத்தான் போகும். அன்பார்க் செய்வதால் மாறுவது ஒன்றே ஒன்றுதான்: 'இந்தக் கோருக்கும் வேலை கொடுக்கலாம்' என்ற அனுமதி எப்போதும் திறந்திருக்கும். எல்லாக் கோரும் கண் விழித்து முழு வேகத்தில் உழைக்கத் தொடங்கிவிடும் என்று நினைப்பவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

மார்ச் 5, புதன்

இன்று என் பழைய லேப்டாப்பில் பார்த்தேன். நான்கு கோர், எட்டு த்ரெட், அதாவது ஒவ்வொரு கோரும் ஒரே நேரத்தில் இரண்டு வேலை வரிசைகளை ஏற்கும். விண்டோஸிலேயே இருக்கும் ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து சிபியு பகுதிக்குப் போனால் வலது பக்கம் ஒவ்வொரு த்ரெட்டுக்கும் ஒரு வரைபடம் இருக்கும். பார்க் ஆனவற்றின் பெயருக்குப் பக்கத்திலேயே 'பார்க்டு' என்று எழுதியிருக்கும்.

1, 3, 5, 7 என ஒற்றைப்படை எண்கள் பார்க் ஆகியிருந்தன. காரணம் இருக்கிறது. ஒரு கோரை இரண்டாகக் காட்டும் ஹைப்பர் த்ரெடிங்கில் 0வும் 1ம் ஒரே கோரின் இரண்டு முகங்கள். ஒரே கோரில் இரண்டு வேலைகளைத் திணிப்பதை விட, தனித்தனிக் கோரில் ஒவ்வொன்றாக வைப்பது நல்லது. விண்டோஸ் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறது. பாதி பிராசசர் வீணாகிறது என்ற பயத்துக்குப் பெரும்பாலும் இந்தக் காட்சிதான் காரணம். உண்மையில் நான்கு கோரும் விழித்தே இருக்கின்றன, இரண்டாவது த்ரெட்டுகள் மட்டும்தான் ஒதுங்கி நிற்கின்றன.

ஒரு பெரிய ஃபைலைச் சுருக்க விட்டேன். கண்ணிமைக்கும் நேரத்தில் 'பார்க்டு' எல்லாம் மறைந்துவிட்டது. முடிந்ததும் திரும்பி வந்தது. தொடர்ந்து கனமான வேலை இருந்தால் பார்க்கிங் குறுக்கே நிற்பதே இல்லை.

மார்ச் 8, சனி

அப்படியானால் கேமில் எங்கே சிக்கல் வரலாம்? விட்டு விட்டு வரும் வேலையில்தான்.

நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேமுக்குக் கிடைக்கும் நேரம் 16.67 மில்லி விநாடி. 144 ஃபிரேம் என்றால் 6.94 மில்லி விநாடி. கேம் ஒரு ஃபிரேமுக்குள் சில த்ரெட்டுகளை (இங்கே, மென்பொருளின் தனித்தனி வேலைகளை) கிளப்பி, வேலை முடிந்ததும் நிறுத்திவிடும். அடுத்த ஃபிரேமில் மறுபடியும் கிளப்பும். சராசரியாகப் பார்த்தால் பிராசசர் பாதிதான் வேலை செய்வது போலத் தெரியும். விண்டோஸ் அந்தச் சராசரியை நம்பிச் சில கோர்களை ஒதுக்குகிறது. திடீரென்று ஒரு வெடிப்புக் காட்சியோ, புதுப் பகுதி லோடாவதோ வந்தால், அடுத்த கணக்கெடுப்பு வரைக்கும் த்ரெட்டுகள் இருக்கும் கோர்களில் வரிசையில் நிற்கும். ஒரு ஃபிரேம் தாமதமாகும். அதைத்தான் நாம் ஸ்டட்டர் என்கிறோம். உறக்கத்திலிருந்து எழும் கோரின் முதல் நிலை கேஷும் (கோருக்கு மிக அருகில் இருக்கும் சிறு நினைவகம்) காலியாக இருக்கும். தரவை மீண்டும் இழுத்து வர வேண்டும்.

ஆகவே இந்த மாற்றத்தால் பலன் இருந்தால், அது சராசரி எஃப்பிஎஸ்ஸில் (நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்ற எண்) அவ்வளவாகத் தெரியாது. ஒவ்வொரு ஃபிரேமும் எடுக்கும் நேரமான ஃபிரேம் டைமிலும், மிக மெதுவான ஃபிரேம்களைக் காட்டும் '1% லோ' எண்ணிலும்தான் தெரியும். எஃப்பிஎஸ் எண்ணை மட்டும் மூலையில் ஓடவிட்டு 'முன்பு, பின்பு' காட்டுகிற வீடியோக்களை நான் நம்பாததற்கு இதுதான் காரணம்.

மார்ச் 9, ஞாயிறு

மாற்றும் முறை. விண்டோஸின் மின்சார அமைப்புகளின் தொகுப்பான பவர் பிளானில் 'கோர் பார்க்கிங் மின் கோர்ஸ்' என்று ஒரு அமைப்பு இருக்கிறது. குறைந்தது எத்தனை சதவீதம் கோர்கள் பார்க் ஆகாமல் இருக்க வேண்டும் என்பதைச் சொல்வது. 100 என்றால் பார்க்கிங்கே கிடையாது. வழக்கமாக இது மறைத்து வைக்கப்பட்டிருக்கும். விண்டோஸிலேயே இருக்கும் பவர்சிஎஃப்ஜி கட்டளையைக் கொண்டு அந்த மறைப்பை நீக்கிவிட்டால், பவர் ஆப்ஷன்ஸ் பட்டியலில் மற்ற அமைப்புகளைப் போலவே இதுவும் வந்து நிற்கும். சார்ஜரில் இருக்கும்போது ஒரு மதிப்பு, பேட்டரியில் இருக்கும்போது ஒரு மதிப்பு என்று தனித்தனியாக வைக்கலாம். சார்ஜருக்கு மட்டும் 100 வைத்தேன். ரீஸ்டார்ட்கூடத் தேவைப்படவில்லை.

சில பழைய வழிகாட்டிகள் விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் இந்த அமைப்பைத் தேடிப் பிடித்து 'வேல்யூ மேக்ஸ்' என்பதை 0 ஆக்கச் சொல்கின்றன. வேண்டாம். அந்த இடம் அமைப்பின் அனுமதிக்கப்பட்ட எல்லையைச் சொல்வது, அமைப்பின் மதிப்பை அல்ல. கணினி தொடங்கும் விதத்தை மாற்றும் எம்எஸ்கான்ஃபிக்கில் பூட் பகுதிக்குப் போய் 'பிராசசர் எண்ணிக்கை'யைக் கூட்டி வைக்கும் யோசனையும் சுற்றுகிறது. அது சோதனைக்காகக் கோர்களைக் குறைக்கும் இடம். டிக் போடாமல் விட்டால் எல்லாக் கோரும் ஏற்கெனவே இயங்கும்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது வேறொன்றில். இந்த ஒரே ஒரு எண்ணை மாற்றுவதற்கென்று அட்மின் அனுமதி கேட்கும் மென்பொருள்கள் எங்கெங்கோ தளங்களில் இறக்கக் கிடைக்கின்றன. யார் எழுதியது, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத ஒன்றுக்குக் கணினியின் சாவியைக் கொடுக்காதீர்கள். தேவையானதெல்லாம் விண்டோஸிலேயே இருக்கிறது.

மார்ச் 11, செவ்வாய்

பிரசன்ட்மான் என்ற அளவீட்டுக் கருவியை வைத்து ஃபிரேம் டைம்களைப் பதிவு செய்தேன். ஒரே காட்சி, ஒரே பாதை, மாற்றுவதற்கு முன்னும் பின்னும் பலமுறை.

கிராபிக்ஸ் கனமான கேமில் ஒன்றும் மாறவில்லை. அங்கே காத்திருப்பது ஜிபியுவுக்காக. பிராசசரை என்ன செய்தாலும் அது வேகமாகாது. பழைய, இலகுவான ஒரு கேமில் சராசரி அப்படியே இருந்தது, ஆனால் ஃபிரேம் டைமில் அவ்வப்போது எழுந்த கூர்முனைகள் குறைந்திருந்தன. கையில் பிடிபடுகிற அளவுக்கு.

கேமைவிட வெப்பத்தில்தான் என் கவனம் போனது. லேப்டாப்பில் சிபியுவும் ஜிபியுவும் ஒரே குளிர்விப்பானைப் பகிர்கின்றன. குறைவான கோர்கள் வேலை செய்யும்போது ஒவ்வொன்றும் அதிக டர்போ (தற்காலிகமாகக் கூடும்) வேகத்துக்குப் போக முடியும். வேலை பல கோர்களில் பரவினால் அந்த இடைவெளி சுருங்குகிறது. ஒன்றிரண்டு த்ரெட்டில் ஓடும் கேமுக்கு அன்பார்க்கிங் நட்டமாகவும் முடியலாம்.

மார்ச் 13, வியாழன்

பழைய கதையை ஒரு பார்வை பார்த்தேன். இந்தப் பேச்சு வெறும் வதந்தியில் பிறந்ததில்லை. 2011இல் ஏஎம்டியின் புல்டோசர் வந்தபோது, இரண்டு கோர்கள் சில பாகங்களைப் பகிரும் அதன் 'மாட்யூல்' அமைப்பு விண்டோஸ் 7க்குப் பிடிபடவில்லை. 2012 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் இரண்டு திருத்தங்களை வெளியிட்டது: ஒன்று வேலைப் பங்கீட்டுக்கு, இன்னொன்று அந்த பிராசசர்களில் கோர் பார்க்கிங்கைத் தேர்ந்தெடுத்து நிறுத்துவதற்கு. 2017இல் ரைசன் வந்த அடுத்த மாதமே ஏஎம்டி 'ரைசன் பேலன்ஸ்டு' என்ற தனி பவர் பிளானைக் கொடுத்தது. அதிலும் பார்க்கிங் அணைக்கப்பட்டிருந்தது.

அந்தக் காலத்து அனுபவம் அறிவுரையாக மாறி, பிராசசர்கள் மாறிய பிறகும் அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது.

மார்ச் 14, வெள்ளி

தம்பியின் கணினியில் இருப்பது ரைசன் 9 7950எக்ஸ்3டி. அவன் கேள்விக்கு என் பதில் இங்கேதான் மாறுகிறது.

2023இல் வந்த அந்த பிராசசரில் எட்டு எட்டாக இரண்டு கோர்த் தொகுதிகள். ஒன்றின் மேல் 64 எம்பி கூடுதல் கேஷ் அடுக்கப்பட்டு அதற்கு மொத்தம் 96 எம்பி எல்3 (மூன்றாம் நிலை) கேஷ். மற்றதற்கு 32 எம்பி, ஆனால் கடிகார வேகம் அதிகம். பெரும்பாலான கேம்களுக்குக் கேஷ்தான் பிடிக்கும். அதனால் கேம் ஓடுவதை விண்டோஸின் கேம் பார் கண்டுகொண்டதும், ஏஎம்டியின் சிப்செட் டிரைவரும் விண்டோஸும் சேர்ந்து வேகத் தொகுதியை வேண்டுமென்றே பார்க் செய்கின்றன. கேம் முழுவதும் கேஷ் தொகுதிக்குள் தங்குகிறது. அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் த்ரெட்டுகள் அலைந்தால், ஒரு தொகுதியின் கேஷில் இருப்பதை மற்றது கேட்டு வாங்க அதிக நேரம் ஆகும்.

இங்கே போய் 100 என்று வைத்தால்? இதற்கென்றே செய்த ஏற்பாட்டை நாமே உடைத்ததாகிவிடும். 'ஹை பர்ஃபார்மன்ஸ்' பிளானுக்கு மாற்றினாலும் அதே கதிதான், ஏனென்றால் அதுவும் கோர்களைப் பார்க் செய்ய விடாது. இரண்டு நாள் முன்பு விற்பனைக்கு வந்த 9950எக்ஸ்3டியும் இதே வழியைத்தான் பின்பற்றுகிறது. ஒரே தொகுதி கொண்ட 7800எக்ஸ்3டிக்கு இந்தக் கவலை இல்லை.

இன்டெல்லில் 2021இன் 12ஆம் தலைமுறையிலிருந்து பெரிய கோர், சிறிய கோர் என்ற கலவை. எந்த வேலை எதற்கு என்று பிராசசருக்குள்ளேயே இருக்கும் த்ரெட் டைரக்டர் விண்டோஸ் 11க்குக் குறிப்புக் கொடுக்கிறது. இரண்டு வகைக்கும் பார்க்கிங் அமைப்புகளே தனித்தனி. அங்கும் நான் கை வைக்க மாட்டேன்.

தம்பியிடம் சொன்னேன்: "பேலன்ஸ்டு பிளான்லயே விடு. சிப்செட் டிரைவரைப் புதுசாக்கு. கேம் பார் அந்தக் கேமைக் கேமா எடுத்துக்குதான்னு மட்டும் பாரு."

மார்ச் 16, ஞாயிறு

தம்பி ரிசோர்ஸ் மானிட்டரின் படத்தை அனுப்பியிருந்தான். கேம் ஓடும்போது இரண்டாவது தொகுதி முழுக்க 'பார்க்டு'. சரியாக வேலை செய்கிறது.

என் பழைய லேப்டாப்பில் பேட்டரிக்கு இயல்பு மதிப்பையும், சார்ஜரில் இருக்கும்போது 100ஐயும் விட்டுவிட்டேன். கோடை வெயில் ஏறினால் வெப்பத்தை மறுபடி அளந்து பார்க்க வேண்டும். விசிறி தொடர்ந்து கத்தினால் 50க்கு இறக்கிவிடுவேன்.