ஈசாக்கு விட்டுக்கொடுத்ததும் விடாததும்

விசுவாசம், கீழ்ப்படிதல் என்று பேச ஆரம்பித்தாலே நம் பிரசங்கங்கள் நேராக ஆபிரகாமிடம் போய்விடும். ஊர் என்கிற பட்டணத்தை விட்டுப் புறப்பட்டது, மோரியாவுக்கு மகனைக் கூட்டிப்போனது, அப்புறம் ஒரே தாவாக யாக்கோபு, யோசேப்பு. நடுவில் இருக்கிற ஈசாக்கு என்றால் நமக்கு ஞாபகம் வருவது மூன்றே காட்சிகள்: பலிபீடத்தில் கட்டப்பட்ட பிள்ளை, ஊழியக்காரன் தேடிக் கொண்டுவந்த பெண்ணைக் கட்டிக்கொண்ட மாப்பிள்ளை, கண் மங்கி ஏமாந்த முதியவர். மூன்றிலுமே காரியம் நடத்துகிறவர்கள் வேறு யாரோ. இத்தனைக்கும் மூன்று முற்பிதாக்களில் அதிக காலம் வாழ்ந்தவர் அவர்தான், 180 வருஷம். அவரே முன்னால் நிற்கிற அதிகாரம் என்று பார்த்தால் ஆதியாகமம் 26 மட்டும்தான். கீழ்ப்படிதல் என்றால் என்ன என்று யாராவது என்னிடம் கேட்டால் நான் முதலில் வாசிக்கச் சொல்வது அந்த அதிகாரத்தைத்தான்.

பஞ்சத்தில் தொடங்குகிறது. ஆபிரகாம் நாளில் வந்த பஞ்சம் இல்லை, இது இன்னொன்று. ஈசாக்கு பெலிஸ்தர் ஊரான கேராருக்கு வருகிறார், அதையும் தாண்டிப் போனால் எகிப்து. நைல் நதி ஓடுகிற நாடு என்பதால் கானானில் மழை பொய்த்தாலும் அங்கே சாப்பாடு இருக்கும், அப்பாவும் ஒரு பஞ்சத்தில் அங்கேதான் போனார். இந்த இடத்தில் கர்த்தர் தரிசனமாகி எகிப்துக்குப் போகாதே, இந்தத் தேசத்திலேயே தங்கு, நான் உன்னோடு இருப்பேன் என்கிறார். அப்பாவுக்கு வந்த கட்டளை "புறப்படு". மகனுக்கு வந்தது "இரு". புறப்படுவதிலாவது ஒரு வேகம் இருக்கிறது, நாலு பேர் பார்த்து ஆச்சரியப்படுவார்கள். பஞ்சம் பிடித்த ஊரில் எல்லாரும் மூட்டை கட்டும்போது இருந்த இடத்திலேயே இருப்பதை யாரும் சாதனையாக நினைக்கமாட்டார்கள், பிழைக்கத் தெரியாதவன் என்றுதான் சொல்வார்கள்.

கேரார் பக்கத்து நிலம் எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் அந்த "இரு" எவ்வளவு கனமான வார்த்தை என்று புரியும். அது நெகேவ் வறண்ட நிலத்தின் வடக்கு ஓரம். பெயெர்செபாவில் இன்றைக்கும் வருஷத்துக்கு சுமார் 200 மில்லிமீட்டர் மழைதான், தமிழ்நாட்டின் சராசரியில் கால் பங்குகூட வராது. அதுவும் குளிர்கால மாதங்களில் பெய்வதோடு சரி, கோடையில் ஒரு துளி கிடையாது. சாதாரண வருஷத்திலேயே நிலைமை இது, பஞ்ச வருஷம் என்றால் கேட்கவே வேண்டாம். அந்த மண்ணில் ஈசாக்கு விதைக்கிறார். விதைத் தானியம் என்பது பஞ்சத்தில் கையில் மிஞ்சியிருக்கிற சாப்பாடு. அதை மண்ணுக்குள் போடுகிறார், அந்த வருஷமே நூறு மடங்கு அறுக்கிறார்.

இந்த நூறு மடங்கு வசனம் நம் வீடுகளுக்கு நன்றாகவே தெரியும். புதுவருஷ ஆராதனையில் கொடுக்கிற வாக்குத்தத்த அட்டையில் வந்தால் அந்த வருஷம் முழுக்க பீரோவில் ஒட்டியிருக்கும். ஆனால் அட்டையில் அந்த ஒரு வசனத்தோடு நின்றுவிடுகிறார்கள், முன்னால் இருக்கிற பஞ்சமும் பின்னால் வருகிற பொறாமையும் அச்சாவதில்லை. எனக்கு இது உண்மையிலேயே வருத்தம். ஆசீர்வாதம் வந்தபிறகுதான் ஈசாக்கின் கீழ்ப்படிதலுக்குப் பெரிய சோதனையே ஆரம்பிக்கிறது.

ஆபிரகாமின் வேலைக்காரர் வெட்டிய துரவுகளை எல்லாம் பெலிஸ்தர் மண் போட்டுத் தூர்த்துவிடுகிறார்கள். கைப்பற்றிக்கொள்ளவில்லை, தூர்க்கிறார்கள். தண்ணீர் இல்லாத ஊரில் தங்களுக்கும் உதவாமல் ஒரு கிணற்றை மூடுவது என்றால் அந்தப் பொறாமை எந்த அளவு முற்றியிருக்க வேண்டும்! அப்புறம் ராஜா அபிமெலேக்கு கூப்பிட்டு, நீ எங்களைவிட மிகவும் பலத்தவனாகிவிட்டாய், எங்களை விட்டுப் போய்விடு என்கிறார்.

பலத்தவன் என்று எதிராளியே ஒப்புக்கொள்கிற இந்த வார்த்தையைத் தாண்டி ஓடிவிடாதீர்கள். ஆபிரகாம் தன் வீட்டில் பிறந்து பயிற்சி பெற்ற 318 பேரைக் கூட்டிக்கொண்டு போய், சிறைபிடிக்கப்பட்ட தன் சகோதரன் மகன் லோத்தை மீட்டுவந்தவர். அந்த வீட்டின் ஆஸ்தி முழுக்க ஈசாக்குக்கு வந்திருக்கிறது. போதாததற்கு, இந்தத் தேசங்கள் யாவையும் உனக்கும் உன் சந்ததிக்கும் தருவேன் என்று கர்த்தர் சொன்ன வாக்கும் கையில் இருக்கிறது. சண்டைக்குப் பலமும் இருந்தது, வேதவசன ஆதாரமும் இருந்தது! நம்மில் பலருக்கு இதில் பாதி கிடைத்தாலே போதும், தம்பிமேல் கேஸ் போட்டுவிட்டு ஜெபக்கூட்டத்துக்கு வந்து உட்காருவோம். ஈசாக்கு கூடாரத்தைக் கழற்றிக்கொண்டு கேரார் பள்ளத்தாக்குக்குப் போகிறார். அப்பாவின் கிணறுகளை மறுபடி தோண்டி, அப்பா வைத்த அதே பெயர்களை வைக்கிறார். புதிதாகத் தோண்டின இடத்தில் ஊற்றே கிடைக்கிறது, உள்ளூர் மேய்ப்பர்கள் வந்து தண்ணீர் எங்களுடையது என்கிறார்கள். அதற்கு ஏசேக்கு, அதாவது வாக்குவாதம், என்று பெயர் வைத்துவிட்டு நகர்கிறார். அடுத்தது சித்னா, பகை என்று அர்த்தம், அதற்கும் சண்டை, மறுபடியும் நகர்கிறார். மூன்றாவது கிணற்றுக்குச் சண்டைக்கு யாரும் வரவில்லை, அதற்கு ரெகொபோத், அதாவது விசாலம், என்று பெயர் வைத்து, கர்த்தர் நமக்கு இடம் உண்டாக்கினார் என்கிறார்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பஞ்சத்தில் பேசின கர்த்தர், இத்தனை கிணறு முடிந்து அவர் பெயெர்செபாவுக்கு வந்த ராத்திரியில்தான் மறுபடி பேசினதாக எழுதியிருக்கிறது. இடையில் ஒரு தரிசனமும் இல்லை. தூர்த்தபோது இல்லை, துரத்தியபோது இல்லை, ஏசேக்கிலும் சித்னாவிலும் இல்லை. பழைய ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு அவ்வளவு காலமும் ஓட்டியிருக்கிறார். அந்த வார்த்தையில் "இந்தத் தேசத்தில் இரு" என்றுதான் இருந்தது, இந்தக் கிணற்றை விடாதே என்று இல்லை. அதனால் கிணறு கிணறாக விட்டுக்கொடுத்தவர் எகிப்துப் பக்கம் மட்டும் திரும்பவே இல்லை. கீழ்ப்படிதலின் நுட்பம் எனக்கு இதில்தான் பிடிபடுகிறது. எது கர்த்தர் சொன்னது, எது என் வீம்பு என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்திருந்தது அவருக்கு.

இதைச் சொல்லும்போது ஒரு பயமும் வருகிறது, ஏனென்றால் இந்தப் பகுதியை எடுத்து அடிவாங்குகிற மனைவியிடமும், நிலத்தைப் பறிகொடுத்த ஏழையிடமும், "ஈசாக்கைப் போல விட்டுக்கொடுங்கள்" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். இங்கே விட்டுக்கொடுத்தவர் பலசாலி. அநியாயத்தை அநியாயம் என்று சொல்லாதவரும் இல்லை. பிறகு அபிமெலேக்கு தன் சிநேகிதன் அகுசாத்தையும் சேனாபதி பிகோலையும் கூட்டிக்கொண்டு சமாதானம் பேச வந்தபோது, என்னைப் பகைத்துத் துரத்திவிட்டீர்களே, இப்போது ஏன் வந்தீர்கள் என்று முகத்துக்கு நேராகவே கேட்கிறார். கேட்டுவிட்டு, அப்புறம்தான் விருந்து வைக்கிறார்.

அவரைப் பரிசுத்தப் பொம்மையாக ஆக்கவும் எனக்கு இஷ்டமில்லை. கர்த்தருடைய வார்த்தைக்குக் கீழ்ப்படிந்து கேராரில் தங்கின அதே மனிதர்தான், மனைவி ரெபெக்காளின் அழகுக்காகத் தன்னைக் கொன்றுவிடுவார்களோ என்று பயந்து, இவள் என் சகோதரி என்று பொய் சொன்னார். நான் உன்னோடு இருப்பேன் என்று கேட்டு நாலே வசனம் தள்ளி அந்தப் பொய் வருகிறது. விதைக்கிற அளவுக்கு இருந்த விசுவாசம் உயிர்ப் பயத்துக்கு முன்னால் போதவில்லை. இது அபிமெலேக்கு ஜன்னல் வழியாகப் பார்த்துக் கண்டுபிடித்து, கடிந்துகொண்ட பிறகுதான் நூறு மடங்கு அறுவடை வருகிறது. ஆகவே அதை நல்ல பிள்ளைக்குக் கிடைத்த பரிசாக நான் வாசிக்கமாட்டேன்.

பெயெர்செபாவில் பலிபீடம், கூடாரம், கிணறு என்று எல்லாம் அமைந்து, உடன்படிக்கை முடிந்த அன்றைக்கே வேலைக்காரர் வந்து தண்ணீர் கண்டோம் என்கிறார்கள். நம் பிரசங்கம் இங்கே முடியும், அதிகாரம் முடியாது. கடைசி இரண்டு வசனத்தில் மூத்த மகன் ஏசா ஏத்தியர் என்கிற வேற்று ஜனத்தார் வீட்டுப் பெண்கள் இரண்டு பேரைக் கட்டிக்கொள்கிறான், அவர்கள் ஈசாக்குக்கும் ரெபெக்காளுக்கும் மனநோவாக இருந்தார்கள் என்று நிற்கிறது. அடுத்த அதிகாரத்தில் அவரே கண் மங்கி, பிரியமான வேட்டைக்கறிக்காக ஏசாவை ஆசீர்வதிக்கப் பார்த்து, இளைய மகன் யாக்கோபிடம் ஏமாந்து, மிகவும் நடுங்கிப்போகிறார். அந்த நடுக்கத்திலும், ஆசீர்வதித்தேன், அவனே ஆசீர்வதிக்கப்பட்டவனாய் இருப்பான் என்று சொல்கிறார், கொடுத்ததைத் திரும்ப வாங்கவில்லை. 28ஆம் அதிகாரத்தில் யாக்கோபைத் தானே கூப்பிட்டு, இந்தத் தடவை யார் முன்னால் நிற்கிறான் என்று நன்றாகத் தெரிந்தே, ஆபிரகாமின் ஆசீர்வாதத்தை அவன்மேல் வைத்து பதான் அராமுக்கு அனுப்புகிறார்.