ஜாம் போத்தல் விளக்கு: தடைக்காலத்து மண்ணெண்ணெய்க் கணக்கு

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டதோடு யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. பெற்றோல், டீசல், பற்றறி, சீமெந்து, யூரியா எல்லாவற்றுக்கும் கொழும்பு அரசு தடை போட்டது. புலிகளின் கைக்குப் போகாமல் தடுக்கவே இந்தத் தடை என்றார்கள். இருட்டில் இருந்தது அங்கிருந்த லட்சக்கணக்கான சனம். வெளியேற நினைத்தவருக்கும் வழி இலேசாக இருக்கவில்லை. அதற்குப் புலிகளிடம் பாஸ் எடுக்க வேண்டும். எஞ்சியிருந்த எரிபொருள் மண்ணெண்ணெய் ஒன்றுதான், அதுவும் அளவாகத்தான். அதை எப்படிச் செலவழிப்பது என்பதே ஒவ்வொரு வீட்டிலும் அன்றாடக் கணக்கானது. அந்தச் செய்முறைகள் மறந்து போகுமுன் சரியாக எழுதி வைக்க வேண்டும்.

முதலில் விளக்கு. அரிக்கன் லாம்பின் பட்டைத் திரி எண்ணெயைக் குடித்துத் தள்ளும். அதனால் வந்ததுதான் ஜாம் போத்தல் விளக்கு. வாய் அகன்ற போத்தலாகப் பார்த்து எடுக்க வேண்டும். புகை வெளியே வருவதும் புதுக்காற்று உள்ளே போவதும் ஒரே வாயால்தான் என்பதால், ஒடுங்கிய கழுத்துள்ள போத்தலில் சுடர் மூச்சு முட்டி அணைந்துவிடும். அடியில் ஒரு விரல் தடிப்புக்குப் பஞ்சு. அதன்மேல் இரண்டு மூன்று மேசைக்கரண்டி மண்ணெண்ணெய். பஞ்சு உறிஞ்சும் அளவுக்கு மட்டும் விட வேண்டும், மேலே தேங்கி நிற்கக் கூடாது. போத்தல் தட்டுப்பட்டுச் சரிந்தாலும் எண்ணெய் ஓடாமல் காப்பது இந்தப் பஞ்சுதான்.

பழைய சைக்கிள் ரியூப்பில் இருந்து வால்வ் கட்டையைக் கழற்றி, நூலை முறுக்கி அதற்குள் திரியாக விட வேண்டும். இறுக்கமாகப் போனால் எண்ணெய் ஏறாது. தளர்வாக இருந்தால் திரி கீழே வழுகிவிடும். கட்டையைச் சுற்றி மெல்லிய கம்பியைக் கட்டி, மறுநுனியைப் போத்தல் விளிம்பில் கொளுவி விட்டால், திரியின் வால் பஞ்சில் படியும்படி கட்டை நடுவில் தொங்கும். பற்றவைக்கும்போது கம்பியோடு வெளியே தூக்கி, கொளுத்திய பிறகு மெதுவாக இறக்க வேண்டும். சுடர் போத்தலுக்குள்ளேயே நிற்பதால் காற்றுக்கு அணையாது. நெருப்புக்குச்சியும் தட்டுப்பாடாக இருந்த காலத்தில் இது சின்ன விஷயமில்லை.

திரி ஒரு நெல்மணி அளவுக்கு மேல் வெளியே நின்றால் புகைக்கும், கண்ணாடி கறுத்து வெளிச்சம் பாதியாகும். அப்போது சாம்பல் போட்டுத் துடைக்க வேண்டும். கம்பி ஒரு பக்கம் சாய்ந்து சுடர் கண்ணாடியைத் தொட்டால் போத்தல் வெடிக்கும். எண்ணெயில் தண்ணீர் கலந்திருந்தால் சுடர் படபடத்து அணையும். பெற்றோல் கலந்த எண்ணெயை விளக்குக்கு விடவே கூடாது. குப்பி விளக்குச் சரிந்து எரிகாயப்பட்டவர்கள் தெற்கிலும் ஏராளம். அங்கே சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, சரியாத குட்டைப் போத்தலும் திருகு மூடியுமாக ஒரு விளக்கை வடிவமைத்து 1998இல் ரோலெக்ஸ் விருது பெற்றார்.

இந்தச் சுடருக்குக் கிட்ட ஒரு சாண் தூரத்துக்குள் கொப்பியை வைத்தால்தான் எழுத்துத் தெரியும். ஓ.எல்., ஏ.எல். சோதனைகளுக்குப் பிள்ளைகள் படித்தது இந்த வெளிச்சத்தில்தான். அந்தப் பிள்ளைகளின் கண்ணுக்கு அரசு செய்தது பெரிய அநியாயம்.

அடுத்தது வாகனம். மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது. அதனால் ஒரு சின்னப் போத்தலில் பெற்றோலை உயிர்போலப் பாதுகாத்து, காபரேற்றருக்குச் சில சொட்டு விட்டு உதைத்து எழுப்புவார்கள். எஞ்சின் சூடேறிய பிறகு மண்ணெண்ணெயில் ஓடும், வெள்ளைப் புகையோடு. சந்தியில் நிற்க வேண்டி வந்தாலும் எஞ்சினை நிறுத்தமாட்டார்கள். நிறுத்தினால் பிளக் நனைந்துவிடும், கழற்றித் துடைத்து மறுபடி சொட்டு விட வேண்டும். மொரிஸ் மைனர், ஒஸ்ரின் போன்ற பழைய கார்கள் நன்றாகத் தாக்குப் பிடித்தன. அவற்றின் அமுக்க விகிதம், அதாவது எரிபொருள் கலவையை எஞ்சின் நெரிக்கும் அளவு, குறைவு என்பதால் மண்ணெண்ணெய்க்கு எஞ்சின் உள்ளே டொக் டொக்கென்று அவ்வளவாக இடிக்காது. புதிய எஞ்சின்கள் இடித்துச் சூடேறிவிடும். எரியாமல் மிஞ்சும் மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்யும். அடிக்கடி ஒயில் மாற்றாவிட்டால் பெயரிங் தேயும். மாற்றுவதற்கு ஒயிலுக்கு எங்கே போவது?

பற்றறி இல்லாததால் றேடியோவுக்குச் சைக்கிள் டைனமோ. சைக்கிளைப் பெரிய ஸ்ராண்டில் நிறுத்திப் பின்சில்லு தரையில் படாமல் பார்த்துக்கொண்டு, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற வேண்டும். டைனமோ தருவது 6 வோல்ற் மாறுமின்சாரம். அதை நாலு டயோட்டால் நேராக்கி, ஒரு பெரிய கப்பாசிற்றரைக் குறுக்கே போட வேண்டும். சிறிய கப்பாசிற்றர் என்றால் செய்தியைவிட இரைச்சல்தான் கூடக் கேட்கும். நாலு பற்றறி போடும் றேடியோதான் இதற்குப் பொருந்தும். இரண்டு பற்றறி றேடியோவை நேரே கொளுவினால் கருகிவிடும். ஒரே சீராகச் சுற்றுவதுதான் கஷ்டம். கை ஓய்ந்தால் குரல் தேயும், வேகம் கூடினால் மின்னழுத்தம் ஏறும். ஆள் மாறி ஆள் சுற்றித்தான் பிபிசி தமிழோசையைக் கேட்டார்கள். எங்கே குண்டு விழுந்தது, எந்தப் பாதை திறந்தது என்று தெரியாமல் ஒரு குடும்பம் எப்படி முடிவெடுக்கும்?

சவர்க்காரத்துக்குப் பதில் பனம்பழம் கை கொடுத்தது, ஆவணி புரட்டாதியில் பழம் விழும் காலத்தில் மட்டும். தோலை உரித்து, பழத்தைத் தண்ணீரில் பிசைந்து களியை எடுத்து, உடுப்பில் பூசிக் கும்மி அலச வேண்டும். ஊத்தை போகும். அலசல் குறைந்தால் வெள்ளைப் பள்ளிக்கூடச் சட்டையில் மஞ்சள் ஏறும். வாசம் துணியில் நிற்கும், அந்த வாசத்துக்கு மாடு வந்து கொடியில் கிடக்கும் உடுப்பைச் சப்பும். அதனால் காயும்வரை யாராவது ஒருவர் கொடிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்.