சௌகிட் எலிகளும் கருவாட்டுத் துண்டும்

காலை ஆறரைக்குக் கோலாலம்பூரின் சௌகிட் சந்தையின் பின்சந்தில் கூண்டுகளை எண்ணிக்கொண்டிருந்தோம். முந்தின நாள் சாயங்காலம் 40 கூண்டு வைத்தோம். 7 கூண்டில்தான் எலி. நான்கில் கருவாடு மட்டும் காணோம், கதவு மூடவே இல்லை. என்ன கெட்டிக்காரத்தனம்!

காய்கறிக் கடை அக்கா எட்டிப் பார்த்து, "பிடிக்கிறதுதான் பிடிக்கிறீங்க தம்பி, எல்லாத்தையும் பிடிச்சிட்டுப் போங்களேன்" என்றார். ஒழிக்க வரவில்லை, கணக்கெடுக்க வந்தோம் என்றால் யாருக்குத்தான் கோபம் வராது?

ஆய்வுக்கூடத்தில் எலியை மயக்கி, முதலில் வாலை அளப்போம். உடம்பைவிட நீளமென்றால் பெரும்பாலும் கூரை எலி. குட்டையாக, தடித்திருந்தால் சாக்கடை எலி. அப்புறம் சிறுநீரகம். லெப்டோஸ்பைரா கிருமி அங்கேதான் குடியிருக்கும். எலிக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது, மூத்திரத்தோடு கிருமி வெளியேறிக்கொண்டே இருக்கும். மழைத்தண்ணீரில் கலந்து, காலில் உள்ள சின்னக் கீறல் வழியாக நமக்குள் புகும். இங்கே மலாய் மொழியில் 'கெஞ்சிங் திக்குஸ்', அதாவது எலி மூத்திரம், என்கிறோமே, அந்தக் காய்ச்சல்தான். 2010 டிசம்பரிலிருந்து மருத்துவர்கள் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய். ஆய்வுக்கூடத்தில் இந்தக் கிருமி வளர்வது ஆமை வேகம். வாரக்கணக்கில் காத்திருந்து, இருண்ட பின்னணியில் கிருமியை மட்டும் ஒளிரக் காட்டும் இருட்புல நுண்ணோக்கியில் பார்த்தால், நுனி கொக்கிபோல் வளைந்த மெல்லிய இழை ஒன்று நெளியும்.

கிளம்பும்போது அக்காவின் காலைப் பார்த்தேன். ரப்பர் செருப்பு, குதிகாலில் வெடிப்பு, கீழே பக்கத்துக் கடையில் மீன் கழுவிய தண்ணீர். பூட்ஸ் போடச் சொன்னேன். "வேர்க்கும் தம்பி" என்றபடி கீரைக் கட்டு ஒன்றைக் கையில் திணித்தார்.